ரோஸ்ட் டர்க்கியா, ரோஸ்டட் டர்க்கியா, டர்க்கி ரோஸ்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆன ஒரு குடும்பம், இந்த நவம்பரில் முதன்முறையாகத் தங்கள் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி நவிலும் திருநாளுக்கு விருந்து வைக்கிறது. சுட்ட முழு வான்கோழிதான் விருந்தின் முக்கிய உணவு. அழைப்பு மின்னஞ்சலில் அம்மா அதை ‘டர்க்கி ரோஸ்ட்’ என்று எழுதினார். பள்ளியில் படிக்கும் மகள் அதை ‘ரோஸ்ட் டர்க்கி’ என்று மாற்றினாள். அப்பா, “சமைத்து முடித்த பறவைதானே, அப்படியானால் ரோஸ்டட் டர்க்கி என்பதுதான் இலக்கணம்” என்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டு எழுதியிருப்பவர் அந்த அம்மா.

மகள் எழுதியதை அப்படியே அனுப்புங்கள். அழைப்பிலும் உணவுப் பட்டியலிலும் பேச்சிலும் இந்த உணவுக்கு வழங்கும் பெயர் ‘ரோஸ்ட் டர்க்கி’. உங்கள் கணவர் சொல்லும் ‘ரோஸ்டட் டர்க்கி’ பிழையில்லை. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அதுவும் நிறையவே வருகிறது. ஆனால் அது ஒன்றுதான் இலக்கணம், மற்றது கொச்சை என்று அவர் நினைப்பது சரியல்ல. நீங்கள் எழுதியதைத்தான் கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனென்றால் ‘டர்க்கி ரோஸ்ட்’ என்பது வேறு ஒரு பண்டம்.

உங்களுக்கு அப்படி எழுதத் தோன்றியது இயல்புதான். தமிழில் எதைச் சமைத்தோமோ அது முதலில் வரும், எப்படிச் சமைத்தோம் என்பது பின்னால் வரும். மீன் வறுவல், கத்தரிக்காய் பொரியல், கோழிக் குழம்பு. ‘ரோஸ்ட்’ நம் ஊருக்குள் வந்தபோது அதையும் அதே இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். சிக்கன் ரோஸ்ட், மட்டன் ரோஸ்ட், உருளைக்கிழங்கு ரோஸ்ட். கூடவே பொருளும் மாறிவிட்டது. நம் ஊர் மட்டன் ரோஸ்ட் வாணலியில் மசாலா சுருளச் சுருளக் கிளறி எடுப்பது. நெய் ரோஸ்ட் என்றால் தோசை. இவை தமிழ்நாட்டு உணவகச் சொற்கள், அந்த அளவில் முழுக்கச் சரியானவை. தமிழில் பேசும்போது ‘வான்கோழி ரோஸ்ட்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வரிசையைத் திருப்ப வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘ரோஸ்ட்’ கடைசியில் வந்து நின்றால் அது பெயர்ச்சொல். சுடுவதற்கென்று வெட்டிய, அல்லது சுருட்டிக் கட்டிய கறித்துண்டு என்று பொருள். அமெரிக்க இறைச்சிக் கடையில் பச்சைக் கறித்துண்டின் மேலேயே ‘ரிப் ரோஸ்ட்’, ‘சக் ரோஸ்ட்’ என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். இன்னும் அடுப்பைப் பார்க்காத துண்டு அது, ஆனாலும் பெயர் ரோஸ்ட். அதே கணக்கில் ‘டர்க்கி ரோஸ்ட்’ என்பது எலும்பு நீக்கிய வான்கோழிக் கறியை உருளையாகச் சுருட்டி, வலைநூல் கட்டி, பெரும்பாலும் உறையவைத்து விற்பது. என் தங்கை அமெரிக்கா போன புதிதில் பன்னிரண்டு பேரை விருந்துக்கு அழைத்துவிட்டு, கணவரிடம் கொடுத்த சீட்டில் ‘டர்க்கி ரோஸ்ட்’ என்று எழுதியிருந்தாள். அவர் கடையில் அதே பெயர் போட்ட பெட்டியை எடுத்து வந்துவிட்டார். திறந்து பார்த்தால் நான்கு பேருக்குப் போதுமான ஒரு கறி உருளை. முழுப் பறவையை மேசை நடுவில் வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். விருந்துக்கு முந்தைய இரவு, கடைகளில் முழு வான்கோழி தீர்ந்துபோன நேரம். அவள் அன்று தொலைபேசியில் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொல் வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் கணவரின் வாதம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

‘ரோஸ்ட்’ என்பதில் இறந்தகால விகுதி இல்லை, எனவே அது பாதியில் நிற்கிற சொல் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் பெயருக்கு முன்னால் வரும் இந்த ‘ரோஸ்ட்’, வினைச்சொல்லின் பழைய இறந்தகால எச்சமே. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை இது. ‘ட்’ ஒலியில் முடியும் வினைகள் சில, எச்சத்தில் தனியாக எதையும் ஒட்டிக்கொள்ளாமல் அப்படியே நிற்கும். வெட்டிய பூக்களை ‘கட் ஃபிளவர்ஸ்’ என்கிறோம், ‘கட்டட்’ என்று யாரும் சொல்வதில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ரோஸ்ட்’, ‘ரோஸ்டட்’ இரண்டு எச்சங்களுமே வழங்கின. 14ஆம் நூற்றாண்டுக் கவி சாசர், ஒரு கன்னிமாடத் தலைவி தன் சிறு நாய்களுக்குச் சுட்ட கறி ஊட்டுவதைச் சொல்லும் இடத்தில் ‘ரோஸ்டட்’ வடிவத்தையே வைத்திருக்கிறார். பிற்பாடு வேலை பிரிந்தது. வினையாக வரும் இடமெல்லாம் ‘ரோஸ்டட்’ எடுத்துக்கொண்டது. உணவின் பெயராக உறைந்துபோன இடங்களில் ‘ரோஸ்ட்’ தங்கிவிட்டது. ரோஸ்ட் பீஃப், ரோஸ்ட் லேம்ப், ரோஸ்ட் சிக்கன், ரோஸ்ட் டர்க்கி எல்லாம் அப்படி வந்தவை.

தமிழ் தெரிந்தவருக்கு இதைப் புரியவைக்க ஊறுகாய் ஜாடி ஒன்றே போதும். ‘ஊறுகாய்’ வினைத்தொகை. காலம் காட்டும் இடைநிலை அதில் இல்லை. ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. யாராவது சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து “கொஞ்சம் ஊறிய காய் போடுங்கள்” என்று கேட்டால் இலக்கணப்படி குற்றமில்லை. ஆனாலும் பரிமாறுகிறவர் ஒரு கணம் நின்று, எந்தக் காய், எதில் ஊறியது என்று பார்ப்பார். பொரிகடலை என்றால் பொட்டுக்கடலை. பொரித்த கடலை என்றால் எண்ணெயில் போட்டு எடுத்தது. ஒன்று பெயர், மற்றது நடந்த செயலைச் சொல்வது. ஆங்கில வடிவம் பிறந்த வழி வேறு, வினைத்தொகை பிறந்த வழி வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்பவர் மனதில் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ‘ரோஸ்ட் டர்க்கி’ என்றதும் பண்டிகை மேசையும் அந்த முழுப் பறவையும் கண்முன் வரும். ‘ரோஸ்டட் டர்க்கி’ என்றால், வேகவைக்காமல், பொரிக்காமல், சுட்டுச் செய்த வான்கோழி என்று செய்முறை ஒரு படி முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் கணவருக்கு ஆதரவாக ஒரு நல்ல சாட்சியும் உண்டு. தேங்க்ஸ்கிவிங்கைத் தேசியத் திருநாளாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதி வந்தவர் சாரா ஜோசஃபா ஹேல். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அந்த நாளை அறிவித்ததற்குப் பின்னால் அவருடைய முயற்சி பெரிது. அவர் 1827இல் வெளியிட்ட நாவலில் நியூ இங்கிலாந்து வீடொன்றின் தேங்க்ஸ்கிவிங் மேசை விரிவாக வருகிறது. மேசையின் தலைமாட்டில் வான்கோழி அரசனைப்போல வீற்றிருக்கிறது. அதற்கு அவர் எழுதிய சொல் ‘ரோஸ்டட் டர்க்கி’தான். திருநாளின் தாய் என்றே சொல்லத்தக்கவர் கையாண்ட சொல்லை யார் பிழை என்பது? ஆகவே வீட்டில் சண்டை வேண்டாம்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. ‘ரோஸ்ட்’ என்ற எச்சம் பெயருக்கு முன்னால் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பறவை சுடப்பட்டது என்று வாக்கியமாகச் சொல்லும்போது ‘த டர்க்கி வாஸ் ரோஸ்டட்’. நான் ஒரு வான்கோழி சுட்டேன் என்றால் ‘ஐ ரோஸ்டட் எ டர்க்கி’. அந்த இடங்களில் ‘ரோஸ்ட்’ போட்டால் அதுதான் பிழை. இன்றைக்கு இளைஞர்கள் ஒருவரைக் கலாய்த்துத் தள்ளினால் “ரோஸ்டட்” என்கிறார்களே, அங்கும் இது வினைதான், அதனால்தான் முழு விகுதியோடு வருகிறது.

எந்தப் பண்டத்துக்கு எது என்பதற்கு உறுதியான விதி கிடையாது, வழக்கம்தான். பெரிய கறித்துண்டும் முழுப் பறவையும் என்றால் ‘ரோஸ்ட்’. வேர்க்கடலை, பூண்டு, குடைமிளகாய், காய்கறிக் கலவை என்றால் பெரும்பாலும் ‘ரோஸ்டட்’. உருளைக்கிழங்கு ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் ‘ரோஸ்ட் பொட்டேட்டோஸ்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘ரோஸ்டட் பொட்டேட்டோஸ்’. இதையே தோலோடு முழுசாக அதே அடுப்பில் வைத்தால் ‘பேக்ட் பொட்டேட்டோ’ ஆகிவிடும். அடுப்பு ஒன்று, பெயர் இரண்டு.

அடுப்பு ஒன்றாக இருக்கும்போது ‘ரோஸ்ட்’ என்றும் ‘பேக்’ என்றும் ஏன் இரண்டு சொற்கள்? பழைய காலத்தில் ரோஸ்ட் என்பது கம்பியில் கோத்து நெருப்புக்கு முன்னால் சுழற்றிச் சுடுவது, பேக் என்பது மூடிய அடுப்புக்குள் வைப்பது. பிறகு கறியும் அடுப்புக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் விருந்தில் ‘காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை’ வருகிறது. காழ் என்பது இரும்புக் கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டு. அது அவ்வளவு சூடாக இருந்ததால் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்றார்களாம். ரோஸ்ட் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. மகள் ‘ரோஸ்டுக்குத் தமிழில் என்ன’ என்று கேட்டால் ‘சுட்ட’ என்றே சொல்லுங்கள். ‘வறுத்த’ வேண்டாம், அது வாணலிச் சொல்.

சரி, பறவையின் பெயரில் ஒரு சின்ன எச்சரிக்கை. வாக்கியத்தின் நடுவில் டர்க்கியைச் சிறிய எழுத்தில் தொடங்குங்கள். பெரிய எழுத்து போட்டால் அது நாட்டின் பெயர். பறவை பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். துருக்கி வணிகர் வழியாக வந்த கினிக் கோழியோடு குழப்பிக்கொண்டு ஆங்கிலேயர் வைத்த பெயர் இது. துருக்கியரோ அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள், அதாவது இந்தியாவுக்குரியது. பிரெஞ்சுக்காரர்களும் இந்தியாவையே நினைத்து ‘தேந்த்’ என்கிறார்கள். டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி போய்க் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து ‘கல்கூன்’ என்று வைத்தார்கள். போர்த்துகீசியருக்கு அது ‘பெரு’. ‘கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி’ என்று மூதுரை வழியாக நாம் சின்ன வயதிலேயே கற்ற பெயர், யாருடைய நாட்டையும் தொந்தரவு செய்யாமல் நிற்கிறது.

இனி அழைப்பின் இரண்டாம் பாதி. நீங்கள் ‘டர்க்கி அண்ட் சைட் டிஷஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புரியும், ஆனால் விருந்தின் மணம் அதில் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புழங்கும் தொடர் ‘வித் ஆல் த டிரிம்மிங்ஸ்’. துணிக்குக் கரை, குஞ்சம், சரிகை வைத்து அழகு கூட்டுவதை டிரிம்மிங்ஸ் என்பார்கள். அதே சொல் சாப்பாட்டு மேசைக்கு வந்து, முக்கிய உணவோடு வழக்கமாக வைக்க வேண்டிய எல்லாத் துணை உணவுகளையும் குறிக்கிறது. நம் ஊரில் “வடை பாயசத்தோடு சாப்பாடு” என்கிறோமே, அதுதான் இது. வடையும் பாயசமும் மட்டும் அல்ல, ஒன்றும் குறையாத முழு விருந்து என்று அர்த்தம். அமெரிக்கத் தெற்கில் ‘வித் ஆல் த ஃபிக்ஸிங்ஸ்’ என்றும் கேட்பீர்கள். இன்னும் வீட்டுத்தனமான சொல் அது, நெருங்கியவர்களுக்கு நன்றாக இருக்கும். அலுவலக நண்பர்களுக்கு நான் ‘டிரிம்மிங்ஸ்’ என்றே எழுதுவேன்.

இந்தத் தொடரை உடைக்கக் கூடாது. ‘வித் ஆல் டிரிம்மிங்ஸ்’ என்று நடுவிலிருக்கும் ‘த’வை விட்டால் தொடர் நொண்டும். ‘டிரிம்மிங்’ என்று ஒருமையாக்கினாலும் அப்படித்தான். நாமும் ‘வடையோடு பாயசத்தோடு’ என்று பிரித்துச் சொன்னால் அந்தப் பொருள் போய்விடுகிறது இல்லையா?

எழுதினால் வைத்தாக வேண்டும், அதனால் அந்தத் தொடருக்குள் என்னென்ன அடங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வீட்டில் ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, கிரான்பெரி சாஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பச்சை பீன்ஸ் காசரோல், கடைசியில் பூசணி பை. பீன்ஸ் காசரோல் பழங்காலத்து உணவுபோலத் தோன்றும், ஆனால் 1955இல் ஒரு சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பிறந்தது. பிரிட்டனில் இதே தொடர் கிறிஸ்துமஸ் மேசைக்கு உரியது. அங்கே ரோஸ்ட் உருளைக்கிழங்கு, பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ், பன்றி இறைச்சி சுற்றிய சின்ன சாசேஜ், ரொட்டி சாஸ் எல்லாம் வரும். லண்டனில் உறவினர் இருந்தால் அவர்கள் சொல்லும் பட்டியலை அப்படியே டெக்சாஸில் பின்பற்ற வேண்டாம்.

இவற்றில் இரண்டு பெயர்கள் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். கிரேவி என்றால் நமக்கு வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. அங்கே அது பறவையிலிருந்து தட்டில் வடிந்த சாற்றில் மாவு கரைத்துக் காய்ச்சுவது. விருந்தாளி “கிரேவி ப்ளீஸ்” என்று கேட்கும்போது சால்னாவை நீட்டினால் அவர் திகைப்பார். அப்புறம் டிரம்ஸ்டிக், முருங்கைக்காய் இல்லை, பறவையின் கால்.

ஸ்டஃபிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பறவையின் வயிற்றுக்குள் அடைப்பது ஸ்டஃபிங், தனியே தட்டில் சுடுவது டிரெஸ்ஸிங் என்று சிலர் பிரிப்பார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் வட்டார வழக்கு. தெற்கு மாநிலங்களில், உங்கள் டெக்சாஸிலும், உள்ளே வைத்தாலும் வெளியே வைத்தாலும் டிரெஸ்ஸிங் என்றே சொல்வார்கள், அதுவும் பெரும்பாலும் சோள ரொட்டியில் செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் எதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள். வயிற்றுக்குள் அடைத்துச் சுடுவதாக இருந்தால் அந்த அடைப்பின் நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸ், அதாவது அவர்கள் கணக்கில் 165 டிகிரி ஃபாரன்ஹீட், தொட வேண்டும். வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும். முதல்முறை செய்கிறீர்கள் என்பதால் தனித் தட்டில் சுடுவதே என் யோசனை.

மேசையில் நீங்கள் பேச வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். பறவையை அறுத்துப் பரிமாறுவதற்கு ‘கட்’ அல்ல, ‘கார்வ்’. ஒவ்வொருவரிடமும் “வைட் மீட் ஆர் டார்க் மீட்?” என்று கேளுங்கள். வைட் என்றால் நெஞ்சுக்கறி, டார்க் என்றால் தொடையும் காலும். முழுப் பறவையைச் சொல்லும்போது ‘எ ரோஸ்ட் டர்க்கி’, உணவாகச் சொல்லும்போது முன்னால் ‘எ’ வேண்டாம். ‘வீ ஆர் ஹேவிங் ரோஸ்ட் டர்க்கி’ போதும். நாம் “இன்றைக்கு மீன் குழம்பு” என்போமே தவிர, “ஒரு மீன் குழம்பு” என்பதில்லையே, அப்படி.

உச்சரிப்பிலும் ஒன்று கவனியுங்கள். நாம் எந்தச் சொல்லையும் வல்லின மெய்யில் விடாமல் ஒரு சின்ன உகரம் சேர்த்து முடிப்போம். ‘ரோஸ்ட்டு டர்க்கி’ என்று நீங்கள் சொன்னால் அவர்கள் காதில் அந்த உகரம் ஓர் அசையாக விழுந்து ‘ரோஸ்டட்’ போலக் கேட்கும். முதல் சொல்லின் கடைசி ஒலியும் அடுத்த சொல்லின் முதல் ஒலியும் ஒன்றே என்பதால் ஆங்கிலேயர், அமெரிக்கர் இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக, ஏறக்குறைய ‘ரோஸ்டர்க்கி’ என்று சொல்லிவிடுவார்கள். மகளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், உடனே பிடிபடும்.

உங்கள் மின்னஞ்சலின் கடைசி வரியில் பறவைக்கு மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு அரைத்துப் பூசப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அங்கேதான் உங்கள் கணவரின் சொல்லுக்கு உரிய இடம் வருகிறது. எப்படிச் சுட்டோம் என்பதை முன்னால் ஒட்டிச் சொல்லும்போது ஆங்கிலம் ‘ரோஸ்டட்’ வடிவத்தையே கேட்கும். அடுப்பில் சுட்டது ‘ஓவன்-ரோஸ்டட்’, நிதானமாகச் சுட்டது ‘ஸ்லோ-ரோஸ்டட்’, மூலிகை பூசிச் சுட்டது ‘ஹெர்ப்-ரோஸ்டட்’. ஆகவே மின்னஞ்சலில் மகளின் சொல் போகட்டும்: ‘ப்ளீஸ் ஜாயின் அஸ் ஃபார் தேங்க்ஸ்கிவிங் டின்னர். வீ ஆர் ஹேவிங் ரோஸ்ட் டர்க்கி வித் ஆல் த டிரிம்மிங்ஸ்.’ மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் சின்ன அட்டை வைப்பீர்கள் என்றால் அதில் அவர் கையால் ‘மசாலா-ரோஸ்டட் டர்க்கி’ என்று எழுதட்டும்.